கோடியக்கரையில் ஒரு நடை

உரைநடை உலகம்

நுழையும்முன்

ஒரு நிலத்தைப் பற்றி நூல்கள் சொல்லும், படங்கள் காட்டும். ஆயினும் அந்நிலத்தில் நடந்தவருக்கே அது தன் முகத்தை முழுமையாகக் காட்டும். மரத்தைப் பெயரிட்டு அழைக்கவும், மணலில் பதிந்த குளம்படியைப் படிக்கவும், பறவையின் அலகைக் கண்டு அதன் உணவை உய்த்துணரவும் நடை ஒன்றே பழக்கித் தரும். காவிரிப் படுகையின் தென்கோடியில் அமைந்த கோடியக்கரைக் காட்டுயிர்ப் புகலிடத்தின் ஒற்றையடிப் பாதைகளில் நம்மை அழைத்துச் செல்கிறது இப்பாடம்.

நிலமும் நீரும் சந்திக்கும் கோடி

நாகப்பட்டினம் மாவட்டம் வேதாரண்யத்திலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் சாலையில் முதலில் நம்மை எதிர்கொள்வன அகத்தியம்பள்ளியின் உப்பளங்கள். பாத்திகளில் தேங்கிய நீரும் கரையில் குவித்த உப்பும் வெயிலில் கண்ணைக் கூசச் செய்யும். அவற்றைக் கடந்து மேலும் சென்றால் உப்பின் வெண்மை மறைந்து காட்டின் பசுமை தொடங்குகிறது. அதுவே கோடியக்கரை.

‘கோடி’ என்னும் சொல்லுக்கு முனை, கடைசி என்பன பொருள்கள். வடக்கிலிருந்து நேராக இறங்கிவரும் சோழமண்டலக் கடற்கரை, இம்முனையில் மேற்காகத் திரும்புகிறது. கிழக்கே வங்கக்கடல், தெற்கே பாக் நீரிணை, மேற்கே வேதாரண்யத்தின் பெருஞ்சதுப்பு நிலமும் அதன் தொடர்ச்சியாக முத்துப்பேட்டையின் அலையாத்திக் காடுகளும். இவற்றுக்கு நடுவே காடும் புல்வெளியும் மணல்மேடும் ஒரு காலைப்பொழுதில் நடந்து காணத்தக்க அளவில் நெருங்கி அமைந்துள்ளன.

இலக்கியத்திற்கும் இக்கரை புதியதன்று. சுந்தரர் பாடிய திருக்கோடிக்குழகர் கோயில் இங்குள்ளது. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ புதினத்தில் பூங்குழலி படகு செலுத்திய கரையும் இதுவே. அடியவரையும் புதின ஆசிரியரையும் ஈர்த்த இந்நிலம், 1967ஆம் ஆண்டு காட்டுயிர்ப் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. 2002ஆம் ஆண்டு, உலக அளவில் சிறப்புடைய ஈரநிலங்களைப் பட்டியலிடும் இராம்சர் உடன்படிக்கையில் இடம்பெற்றது. 2022ஆம் ஆண்டு வரை அப்பட்டியலில் தமிழ்நாட்டின் சார்பாக இடம்பெற்றிருந்தது கோடியக்கரை மட்டுமே.

தெரியுமா?

கோடியக்கரைக்குச் செல்லும் வழி, நடையால் வரலாறு படைத்த வழியும் ஆகும். உப்புவரியை எதிர்த்து 1930ஆம் ஆண்டு ஏப்ரல் 13 அன்று, இராஜாஜி ஏறத்தாழ நூறு தொண்டர்களுடன் திருச்சிராப்பள்ளியிலிருந்து நடைப்பயணம் தொடங்கினார். ஏப்ரல் 28 அன்று அவர்கள் வேதாரண்யத்தை அடைந்தனர். ஏப்ரல் 30 அன்று அகத்தியம்பள்ளியில் உப்பள்ளிய இராஜாஜி கைதானார். அப்பயணத்திற்கான வழிநடைப் பாடலை இயற்றியவர் நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கனார்.

நடந்தால்தான் தெரியும்

ஊர்தியில் செல்பவருக்குக் காடு என்பது சன்னலுக்கு வெளியே விரைந்தோடும் ஒரு பச்சைப் பட்டை. ஊர்தியின் ஒலி கேட்டு விலங்குகள் விலகிவிடுகின்றன. பறவையின் குரல் பொறியின் இரைச்சலில் மூழ்கிவிடுகிறது. நடப்பவருக்கோ ஒவ்வோர் அடியும் ஒரு செய்தியைத் தருகிறது. காற்று எத்திசையிலிருந்து வீசுகிறது, மண் எங்கே மணலாகவும் எங்கே சேறாகவும் மாறுகிறது, எந்த மரத்தடியில் நிழல் அடர்ந்திருக்கிறது என்பவற்றை உடலே உணர்ந்துகொள்கிறது.

விடியற்காலையில் நடப்பவருக்கு மற்றொரு பேறும் உண்டு. இரவில் காற்று சமப்படுத்திய மணற்பாதை, எழுதப்படாத ஏடுபோல் கிடக்கும். அதன்மேல் முதலில் எழுதுவன விலங்குகளே. மானின் குளம்படி இரண்டாகப் பிளந்து, முனை கூர்ந்து காணப்படும். குதிரையின் குளம்படி பிளவின்றி வட்டமாகப் பதியும். நரியின் தடத்தில் விரல்களின் முன்னே நகநுனிகளும் தெரியும். காட்டுப்பூனையின் தடத்தில் நகம் தெரியாது, நடக்கும்போது பூனை தன் நகங்களை உள்ளிழுத்துக் கொள்வதே அதற்குக் காரணம். தடத்தின் விளிம்பு கலையாமல் இருந்தால் விலங்கு சற்று முன்னர்தான் கடந்தது என்றும், மணல் சரிந்து மழுங்கியிருந்தால் நேரமாகிவிட்டது என்றும் அறியலாம். விலங்கைக் காணாமலே அதன் நடமாட்டத்தை அறியும் இக்கலையை வழிவழியாகக் காட்டை ஒட்டி வாழ்வோர் நன்கறிவர்.

மழை குறைந்தும் மாறாத பசுமை

பாதை முதலில் நம்மைக் காட்டினுள் அழைத்துச் செல்கிறது. காடு என்றதும் வானளாவிய மரங்களை எதிர்பார்த்து வருபவர் இங்கே ஏமாறுவர். மரங்கள் பெரிதும் குட்டையானவை. கடற்காற்றுக்குப் பணிந்து வளைந்தவை. ஒன்றன் கிளையோடு ஒன்று பின்னிக் கூரையிட்டவை. கீழே முட்புதர்களும் கொடிகளும் அடர்ந்துள்ளன. இதனை ‘வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு’ என்று அறிவியலார் வகைப்படுத்துவர்.

இப்பெயரிலேயே ஒரு புதிர் உள்ளது. உலர்ந்த நிலத்தில் காடு எவ்வாறு பசுமை மாறாமல் இருக்கும்? இங்கு மழையின் பெரும்பகுதி வடகிழக்குப் பருவக்காற்றால் ஐப்பசி, கார்த்திகைத் திங்களையொட்டிப் பொழிகிறது. ஆண்டின் எஞ்சிய பகுதி பெரும்பாலும் வறண்டதே. இத்தகைய நிலத்தில் பல மரங்கள் கோடையில் இலையுதிர்த்து நீரைச் சேமிக்கும். கோடியக்கரையின் மரங்கள் வேறு வழியைக் கையாள்கின்றன. அவற்றின் இலைகள் சிறியவை, தோல்போல் தடித்தவை, மேற்புறம் மெழுகு பூசியதுபோல் பளபளப்பவை. அதனால் இலைவழி வெளியேறும் நீர் குறைகிறது.

இக்காட்டின் முதன்மை மரம் பாலை. உலக்கைப்பாலை என்றும் இதனை வழங்குவர். வைரம் பாய்ந்த கட்டை உடையது. மிக மெதுவாக வளர்வது. மஞ்சள்நிறச் சிறு பழங்களை உதிர்ப்பது. பழக்காலத்தில் இம்மரத்தின் கிளைகளில் குரங்குகளும் பறவைகளும் கூடும். பாலையுடன் நாவலும் காட்டெலுமிச்சையும் காரையும் சூரையும் வளர்கின்றன. சங்கப் பாடல்கள் பாடிய உகாய் மரத்தையும் இங்குக் காணலாம்.

சோழமண்டலக் கடற்கரை நெடுகிலும் ஒருகாலத்தில் பரவியிருந்த இவ்வகைக் காடு, இன்று சிறுசிறு துண்டுகளாகவும் கோயில்காடுகளாகவும் மட்டுமே எஞ்சியுள்ளது. எஞ்சியவற்றுள் பெரியவற்றில் ஒன்று கோடியக்கரை. ஒரு பாலைமரம் முதிர்வதற்குப் பல தலைமுறைகள் ஆகும் என்பதை நினைத்தால், வெட்டிய இடத்தில் நட்டு ஈடுசெய்யும் செல்வம் அன்று இது என்பது விளங்கும்.

வெளியும் வெளிமானும்

காடு விலகிப் புல்வெளி விரிகிறது. நடை இங்கே மெதுவாக வேண்டும். தொலைவில் தலைநிமிர்த்தி நிற்கும் கூட்டம் நம்மைக் கண்டுவிட்டது. அவை வெளிமான்கள்.

ஆண் வெளிமானுக்கு முறுக்கிய நீண்ட கொம்புகள் உண்டு. முதிர்ந்த ஆணின் முதுகும் பக்கங்களும் கருமை கலந்த பழுப்பு. வயிறும் கண்ணைச் சுற்றிய வளையமும் வெண்மை. பெண்மானுக்கு இங்கே கொம்பில்லை. அதன் நிறம் மணலோடு மயங்கும் இளம்பழுப்பு. ஆண்மான் தன் எல்லையைக் காட்ட ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் புழுக்கையிடும். பாதையோரம் காணப்படும் அக்குவியல், “இது என் நிலம்” என்று பிற ஆண்களுக்கு அது நட்டுவைத்த எல்லைக்கல் எனலாம்.

நம் முன்னோர் இவ்விலங்கை நுணுகி அறிந்திருந்தனர். தொல்காப்பிய மரபியல் இதனைப் ‘புல்வாய்’ என்று சுட்டி, இதன் ஆணுக்கு ‘இரலை’, ‘கலை’ என்னும் பெயர்களைத் தருகிறது. சங்கப் புலவர்கள் கார்காலத்து முல்லை நிலத்தில் பிணையோடு துள்ளும் இரலையைப் பாடினர். கோடியக்கரையிலோ முல்லைக்குரிய இரலை, நெய்தலுக்குரிய கடலோசையைக் கேட்டபடி மேய்கிறது. வகுப்பறையில் தனித்தனியாகப் பயின்ற இரு திணைகள் இங்கே ஒரே பார்வையில் அடங்கிவிடுகின்றன.

வெளிமான் என்னும் பெயரே அதன் வாழ்வைச் சொல்லிவிடுகிறது. மறைந்து வாழ்வது அதன் இயல்பன்று. பகையைத் தொலைவிலேயே காணும் கண்களும் விரைந்தோடும் கால்களுமே அதன் காவல். கண்ணுக்கும் காலுக்கும் தடையற்ற திறந்த வெளி இல்லையேல், அதற்கு வாழ்வில்லை.

அவ்வெளிக்குத்தான் இன்று இடர் வந்துள்ளது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து கொணரப்பட்ட சீமைக்கருவேல், விறகுக்காகவும் மண்ணரிப்பைத் தடுக்கவும் பல இடங்களில் வளர்க்கப்பட்டுப் பின் தானே பரவியது. உப்புமண்ணிலும் வறட்சியிலும் அது தளராது. அதன் இனிய காய்களை விலங்குகள் விரும்பி உண்கின்றன. விதைகளோ சிதையாமல் சாணத்தோடும் புழுக்கையோடும் வெளியேறி, விழுந்த இடத்தில் முளைக்கின்றன. மேய்ச்சலுக்கு விடப்பட்டு, காலப்போக்கில் உரிமையாளரின்றிக் காட்டில் பெருகிய குதிரைகளும் இவ்விதைகளைப் பரப்புகின்றன. புல்லுக்கும் மானோடு போட்டியிடுகின்றன. வெளிமானும் அக்காயை உண்கிறது. தான் உண்ட காயின் விதையாலேயே தன் வெளி சுருங்குவதை அம்மான் அறியாது. அறிந்து செயற்பட வேண்டியவர் நாமே.

சீமைக்கருவேலை வெட்டினால் மட்டும் போதாது. அடிக்கட்டையிலிருந்து மீண்டும் தளிர்க்கும். வேரோடு களைய வேண்டும். களைந்த பின்னரும் முளைக்கும் கன்றுகளைத் தொடர்ந்து அகற்ற வேண்டும். ஒரு தவற்றைச் செய்வதற்கு ஆகும் காலத்தைவிட அதனைத் திருத்துவதற்கு ஆகும் காலம் நெடிது என்பதை இம்மரம் உணர்த்துகிறது.

தெரியுமா?

தமிழில் இயற்கையை எழுதியோருள் குறிப்பிடத்தக்கவர் மா. கிருஷ்ணன் (1912–1996). ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் மகனாகிய இவர், நாளிதழ் ஒன்றில் 1950ஆம் ஆண்டு தொடங்கிய இயற்கைப் பத்தியை இறுதிக்காலம் வரை எழுதினார். யானையையும் புலியையும் மட்டுமன்றி, வீட்டு முற்றத்திற்கு வரும் பறவையையும் அணிலையும் அதே கவனத்துடன் நோக்கியவர் இவர். இவருடைய தமிழ்க் கட்டுரைகளைச் சு. தியடோர் பாஸ்கரன் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்னும் நூலாகத் தொகுத்துள்ளார்.

சேற்றுநிலத்தின் விருந்தினர்

புல்வெளிக்கு அப்பால் உமரிச்செடி படர்ந்த சதுப்பு தொடங்குகிறது. ஐப்பசி முதல் தை வரை இங்கு வருபவர் பறவைகளின் பெருங்கூட்டத்தைக் காண்பர். பூநாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், ஆலா, உள்ளான் எனப் பல இனங்கள் ஒரே நீர்ப்பரப்பில் இரைதேடுகின்றன. இத்தனையும் ஒன்றோடொன்று பொருதாமல் உண்பது எவ்வாறு?

விடை அவற்றின் அலகில் உள்ளது. குட்டை அலகுடைய கொசு உள்ளான் சேற்றின் மேற்பரப்பில் கொத்துகிறது. நீண்டு வளைந்த அலகுடைய கோட்டான் சேற்றின் ஆழத்திலுள்ள புழுவை எட்டுகிறது. கரண்டிவாயன் தன் தட்டையான அலகை நீரில் இடமும் வலமும் வீசி இரையைப் பற்றுகிறது. பூநாரை தலையைக் கவிழ்த்து அலகைத் தலைகீழாக நீருள் நுழைத்து, சல்லடைபோல் நீரை வடித்து நுண்ணுயிர்களை உண்கிறது. அவ்வுணவிலுள்ள நிறமிகளே அதன் இறகுக்குச் செம்மை தருகின்றன. ஆழத்திற்கேற்பவும் அலகிற்கேற்பவும் உணவு பங்கிடப்பட்டிருப்பதால், ஒரே சதுப்பு பல இனங்களுக்குப் பந்தியிடுகிறது. நன்னீரும் கடல்நீரும் கலக்கும் அளவு மாறினால் சேற்றில் வாழும் புழுவும் நண்டும் மாறும். அவை மாறினால் பந்தியும் கலையும்.

உள்ளங்கையில் அடங்கும் கொசு உள்ளான், வடதுருவத்தை ஒட்டிய தூந்திர நிலத்தில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து, குளிர்காலம் கழிக்க இங்கு வருகிறது. இப்பறவைகள் எங்கிருந்து வருகின்றன என்பதை மனிதர் அறிந்தது வளையமிடும் முறையால். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாகக் கோடியக்கரையில் இப்பணியைச் செய்து வருகிறது. பறவையை வலையில் மெல்லப் பிடித்து, எடையையும் சிறகு, அலகு ஆகியவற்றின் அளவையும் குறித்து, எண் பொறித்த இலேசான வளையத்தைக் காலில் அணிவித்துப் பறக்கவிடுவர். அப்பறவை வேறொரு நாட்டில் மீண்டும் அகப்படும்போது, அவ்வெண் அதன் பயணத்தைத் தெரிவிக்கும். கோடியக்கரையின் அருமையை உலகறியச் செய்தோருள் பறவையியல் அறிஞர் சலீம் அலி முதன்மையானவர்.

மணல்மேடும் கடற்கரையும்

காட்டிடையே இராமர் பாதம் என்னும் மணல்மேடு உள்ளது. பாதச்சுவடு பொறித்த கல்லை மக்கள் இங்கு வழிபடுகின்றனர். மலைநாட்டார் மேடென்றே கருதாத உயரந்தான். ஆயினும் தட்டையான இந்நிலத்தில் இதுவே உயர்ந்த இடம். இதன்மேல் நின்று பார்த்தால் காடும் சதுப்பும் கண்முன் விரிகின்றன.

அங்கிருந்து கடற்கரைக்கு வந்தால், தை முதல் பங்குனி வரையிலான இரவுகளில் பங்குனி ஆமைகள் கரையேறி மணலைத் தோண்டி முட்டையிடுவதற்கான தடங்களைக் காணலாம். பொரித்த குஞ்சுகள் கடற்பரப்பின் மெல்லொளியை நோக்கியே ஊர்ந்து செல்லும். கரையில் எரியும் செயற்கை விளக்கு அவற்றை எதிர்த்திசைக்கு ஈர்த்துவிடும். நாம் அணைக்கும் ஒரு விளக்கு, சில குஞ்சுகளுக்கு வழிகாட்டும் விளக்காகிறது.

இக்கடல் கொடுப்பது மட்டுமன்று, எடுப்பதும் உண்டு. 2018ஆம் ஆண்டு நவம்பர் 16 அன்று கரைகடந்த கஜா புயல், இக்காட்டின் மரங்களைப் பெருமளவில் சாய்த்தது. விலங்குகளும் பறவைகளும் மாண்டன. காற்றின் முதல் அடியைத் தாங்கி நின்றது கரையோரக் காடே. முறிந்த அடிமரங்கள் மீண்டும் துளிர்க்க வேண்டுமெனில், அவற்றுக்குத் தேவை காலமும் இடையூறின்மையுமே.

நடப்பவர் கடமை

புகலிடம் என்பது விலங்குகளின் வீடு. நாம் அங்கே விருந்தினர். வனத்துறையின் இசைவு பெற்று, வழிகாட்டியுடன், வகுத்த பாதையில் மட்டுமே நடத்தல் வேண்டும். ஆட்காட்டிக் குருவி போன்றவை திறந்த தரையிலேயே முட்டையிடும். பாதை விலகிய ஓரடி ஒரு கூட்டை அழிக்கக்கூடும். குரங்குக்கு உணவளிப்பது இரக்கமன்று; அது தானே இரைதேடும் பழக்கத்தை இழந்து, மனிதரை எதிர்பார்த்துச் சாலையில் அடிபட வழிசெய்வதாகும். உரக்கப் பேசாமை, மண்நிற உடை, நெகிழிப் பையைத் திரும்ப எடுத்து வருதல் ஆகியன சிறு ஒழுக்கங்கள், ஆயினும் இன்றியமையாதவை.

கையில் ஒரு குறிப்பேடு இருக்கட்டும். நாள், நேரம், காற்று, கண்ட உயிர், அதன் செயல் ஆகியவற்றை எழுதுக. பெயர் தெரியாததை வரைந்து வைக்க; உள்ளூர்ப் பெரியவரிடம் அதன் பெயரைக் கேட்க. ஒரே பாதையில் பலமுறை நடந்தவருக்கே, எந்த மரம் எப்போது பூத்தது, எந்தப் பறவை இவ்வாண்டு வரவில்லை என்பன தெரியவரும். வராததைக் கவனிக்க, வந்ததை முன்பே அறிந்திருக்க வேண்டுமன்றோ?

அதற்குக் கோடியக்கரைக்குத்தான் செல்ல வேண்டும் என்பதில்லை. நம் ஊரின் ஏரிக்கரை, ஆற்றங்கரை, கோயில்காடு, பள்ளியின் பின்புறத்துப் புதர் ஆகிய ஒவ்வொன்றும் ஒரு சிறு புகலிடமே. பெயர் சொல்லி அழைக்கத் தெரிந்த மரத்தை வெட்டக் கை தயங்கும். பெயர் மறந்த மரம் வெறும் விறகாகிவிடும். புல்வாய், இரலை, உகாய், உமரி என்னும் சொற்களை ஏட்டில் காப்பது மொழிப்பற்று. அச்சொற்களுக்குரிய உயிர்கள் நிலத்தில் நிலைக்கச் செய்வது, அம்மொழிப்பற்றின் நிறைவு. அந்நிறைவை நோக்கிய முதல் அடியை நம் ஊர்ப் பாதையிலேயே எடுத்து வைப்போம்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரிலுள்ள நீர்நிலை அல்லது தோப்பு ஒன்றின் பாதையில் நான்கு வாரங்கள், வாரம் ஒருமுறை நடந்து, கண்ட மரங்களையும் பறவைகளையும் குறிப்பேட்டில் பதிவு செய்க.
2. உங்கள் பகுதியில் வழங்கும் மரம், செடி, கொடிகளின் வட்டாரப் பெயர்களைப் பெரியோரிடம் கேட்டுத் தொகுத்து வகுப்பறையில் காட்சிப்படுத்துக.
3. ‘சீமைக்கருவேலை அகற்றுதல்: தேவையும் வழிமுறையும்’ என்னும் பொருளில் வகுப்பில் கலந்துரையாடுக.

பயிற்சி

பலவுள் தெரிக

தொல்காப்பிய மரபியல் ‘இரலை’ என்னும் பெயரை எதற்கு வழங்குகிறது?
அ) பெண் யானை
ஆ) ஆண் புல்வாய்
இ) நரி
ஈ) காட்டுப்பூனை

குறுவினா

1. ‘வெளிமான்’ என்னும் பெயர் அவ்விலங்கின் வாழ்வை எவ்வாறு உணர்த்துகிறது?
2. மணலில் பதிந்த தடத்தைக் கொண்டு நரியையும் காட்டுப்பூனையையும் எவ்வாறு வேறுபடுத்தலாம்?

சிறுவினா

1. உலர்ந்த நிலத்திலும் கோடியக்கரைக் காடு பசுமை மாறாதிருப்பதன் காரணங்களைக் கூறுக.
2. ஒரே சதுப்பில் பல்வகைப் பறவைகள் இரைதேட இயல்வது எவ்வாறு?

நெடுவினா

‘சொற்களைக் காப்பதும் அச்சொற்களுக்குரிய உயிர்களைக் காப்பதும் ஒன்றோடொன்று பிணைந்தவை’ – இக்கருத்தைப் பாடப்பகுதி வழி நிறுவுக.